அம்மாச்சியின் கண்ணில் காணாமல் போன மல்லிகை

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவரும் தங்கையும் சேர்ந்து மதுரையில் ஒரு ஹோம் கேர் நிறுவனம் தொடங்குகிறார்கள். வயதானவர்களை அவர்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை. லோகோ, லெட்டர் பேட், விசிட்டிங் கார்டு, சுவரில் மாட்டும் மருந்து அட்டை எல்லாவற்றுக்கும் ஒரே டிசைன்: இளமஞ்சள் பின்னணியில் வெள்ளை மல்லிகை மொட்டு, கீழே வெளிர்நீலத்தில் பெயர். "கம்ப்யூட்டரில் பார்த்தபோது மனசுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. ப்ரூஃப் (அச்சு மாதிரி) எடுத்து அம்மாச்சியிடம் காட்டினால், 'வெறுந்தாளை எதுக்குத்தா நீட்டுற?' என்கிறார். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்த்தார். எங்கே தப்பு?"

திரையிலிருந்து தாளுக்கு வரும்போது நிறம் கொஞ்சம் மங்கும் என்பது பிரஸ் வாசலை மிதித்த எல்லோருக்கும் தெரியும். திரை ஒளியை உமிழ்கிறது. மை, தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் திருப்பி அனுப்புகிறது. ஆனால் அந்த மங்கலுக்காக அம்மாச்சி வெறுந்தாள் என்று சொல்லியிருக்க மாட்டார். காரணம் அவருடைய கண்ணுக்குள் இருக்கிறது. எனக்கு இயற்கையில் மிகவும் பிடித்த பொருள்களில் ஒன்று அது: விழி லென்ஸ்.

கருவிழிக்குப் பின்னால் சிறு பருப்பளவில் இருக்கும் இந்த லென்ஸுக்கு ரத்தக் குழாய் கிடையாது. ரத்தம் ஓடினால் ஒளி தடைபடும். அதன் நார் செல்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. முதிரும்போது தங்கள் உட்கருவையே கரைத்துவிடுகின்றன. உட்கரு இல்லை என்றால் புதுப் புரதம் செய்வதற்கான குறிப்பும் இல்லை. கெட்டுப்போனதை மாற்றவும் முடியாது. கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதற்கு அந்தச் செல்கள் கொடுக்கும் விலை அது. புதிய செல்கள் வெங்காயத் தோல்போல வெளியே வெளியே சேர்ந்துகொண்டே போகும். பழையவை நடுவில் அப்படியே இருக்கும். அம்மாச்சியின் லென்ஸின் மையத்தில் இருக்கும் புரதம், அவர் தன் அம்மா வயிற்றில் இருந்தபோது உண்டானது. தோலும் ரத்தமும் எத்தனையோ முறை புதிதாகிவிட்டன. அது மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை அதே புரதம். இதை முதன்முதலாகப் படித்த அன்று, என் அப்பத்தாவின் கண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, அது எப்படி மஞ்சளாகிறது? புற ஊதாக் கதிர் விழித்திரையைத் தாக்காமல் தடுக்க, லென்ஸுக்குள் சில வடிகட்டி மூலக்கூறுகள் இருக்கின்றன. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடல் அவற்றைச் செய்துகொள்கிறது. வயதாக ஆக, அவற்றில் சில சிதைந்து, பக்கத்திலுள்ள புரதத்தோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்கின்றன. ஆக்சிஜனால் வரும் சேதமும் சேர்கிறது. பத்தாண்டு பத்தாண்டாக லென்ஸ் இளமஞ்சளாகி, சிலருக்குத் தேன் நிறம்வரைக்கும், கண்புரை முற்றினால் பழுப்புவரைக்கும் போகிறது. மஞ்சள் கண்ணாடி எதை நிறுத்தும்? நீலத்தையும் ஊதாவையும். சிவப்பும் ஆரஞ்சும் பெரும்பாலும் தடையில்லாமல் உள்ளே போகும்.

இதில் என்னை அசத்துவது இதற்கு அடுத்த படி. அம்மாச்சிக்கு உலகம் மஞ்சளாகத் தெரிவதில்லை. கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தைப் பார்த்து, எது வெள்ளை என்பதை மூளை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே வருகிறது. நாற்பது ஆண்டுகளில் மெல்ல மெல்ல நடந்த மாற்றத்தை யார் கவனிப்பார்? அவருக்கு வேட்டி வெள்ளையாகத்தான் தெரியும், பாலும் வெள்ளையாகத்தான் தெரியும். ஆனால் இளமஞ்சளை வெள்ளையிலிருந்து பிரித்துக் காட்டுவதே அதில் கொஞ்சம் குறையும் நீலம்தான். அந்த நீலத்தை லென்ஸ் முன்னமே வடிகட்டிவிட்டது. ஆகவே இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. வெள்ளை மல்லிகை பின்னணியில் கரைந்தது அப்படித்தான். வெளிர்நீல எழுத்து வெறும் சாம்பல் பூச்சாகி அதுவும் தாளோடு போய்விட்டது. கருநீலமோ கறுப்போடு சேர்ந்துவிடும். என் அப்பத்தாவுக்கு, முதிய லென்ஸை எடுத்துவிட்டுத் தெளிவான செயற்கை லென்ஸ் வைக்கும் கண்புரை அறுவை முடிந்து கட்டுப் பிரித்த பிறகு, கொடியில் கிடந்த தன் சேலையைப் பார்த்து, "இது நீலமா? இம்புட்டு நாளா கருப்புன்னுல்ல கட்டிக்கிட்டிருந்தேன்" என்றார்.

மதுரைக்காரர்களுக்கு இது புதுசில்லை. 1976-ல் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊர் இது. அறுவை முடிந்தவர் வானத்தைப் பார்த்து வியக்கும் கதை ஏதாவது ஒரு சொந்தக்கார வீட்டில் இருக்கும்.

நீங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்டேஷனரி கடையில் மஞ்சள் கண்ணாடித்தாள் ஒன்று வாங்கி, இரண்டு மூன்று மடிப்பாக மடித்து, அதன் வழியே உங்கள் ப்ரூஃபைப் பாருங்கள். மேலே ஒரு பாலித்தீன் உறையையும் வைத்தால், முதிய லென்ஸுக்குள் ஒளி சிதறும் மங்கலும் ஓரளவு கிடைக்கும். பிறகு அறையில் வெளிச்சத்தைக் குறையுங்கள். வயதானால் கண்ணின் பாவை சுருங்கியே இருக்கும். லென்ஸும் ஒளியை விழுங்குவதால் இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குச் சேரும் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் சேர்கிறது. மாலை ஆறு மணிக்கு முன்னறையில் உங்கள் கார்டு இப்படித்தான் தெரியும்.

இதில் இளைஞர் கண்ணுக்கும் ஒரு பாடம் உண்டு. திரையில் தூய மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் உள்ள ஒளிர்வு விகிதம், பார்வை குறைந்தவர்களும் இணையத்தைப் படிக்க வேண்டும் என்று வகுத்த அணுகல் விதிகளின் கணக்குப்படி வெறும் 1.07-க்கு 1. அதாவது கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை. சாதாரண அளவு எழுத்துக்கு அந்த விதிகள் குறைந்தது 4.5-க்கு 1 கேட்கின்றன.

அப்படியானால் இதமான நிறம் என்ற எண்ணத்தையே விட வேண்டுமா? வேண்டாம். நிறத்தின் 'சூடு' இயற்பியலில் தலைகீழ். நட்சத்திரங்களில் நீலம்தான் அதிகச் சூடு, சிவப்பு குறைவு. நமக்குச் சிவப்பும் மஞ்சளும் கதகதப்பாக இருப்பது அடுப்பும் அகல்விளக்கும் மாலை வெயிலும் பழக்கியதால்தான் என்று நினைக்கிறேன். நல்ல வேளையாக, முதிய லென்ஸ் அதிகம் கெடுக்காமல் விடுவதும் அந்தப் பக்கத்து நிறங்களைத்தான். சுங்குடிச் சேலையின் அரக்கு நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தன நிறத் தாளில் அரக்கு எழுத்து, அரக்கு வட்டத்துக்குள் வெள்ளை மொட்டு. அம்மாச்சிக்குச் சந்தனம் வெள்ளையாகத் தெரிந்தாலும் நஷ்டமில்லை. அரக்கு ஆழமாகத்தான் தெரியும். பளபளக்கும் ஆர்ட் பேப்பரையும் கிளாஸ் லேமினேஷனையும் தவிர்த்துவிடுங்கள். ட்யூப்லைட் அதில் பட்டுத் தெறித்துக் கூசும். மேட் போதும். எழுத்து மெல்லியதாக வேண்டாம், 14 பாயிண்டுக்குக் குறையவும் வேண்டாம். தமிழில் ஒரு மெய்யின் புள்ளி மறைந்தால் 'கல்' 'கல' ஆகிவிடும்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது மருந்து அட்டைதான். காலை மாத்திரைக்கு நீலக் கட்டம், இரவு மாத்திரைக்குப் பச்சைக் கட்டம் என்று போட்டிருக்கிறீர்கள். மஞ்சள் லென்ஸுக்கு மிகக் கடினமான சோதனையே நீலத்தையும் பச்சையையும் பிரிப்பது. மயங்கித் தெரியும் இரண்டு நிறங்களில் உயிர்காக்கும் தகவலை வைக்காதீர்கள். சூரியன், பிறை என்று கறுப்புக் கோட்டில் படம் போடுங்கள். நிறம் துணைக்கு மட்டும் இருக்கட்டும்.

ராசிக்கு ஏற்ற நிறம் பார்த்துச் சொல்கிறோம் என்று யாராவது வந்தால், அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பிறந்த தேதிக்கும் மைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தக் காசில் நான்கு வகை ப்ரூஃப் எடுக்கலாம். தமிழ் எழுத்துகளை முதிய கண்கள் எப்படிப் படிக்கின்றன என்று அளந்து பார்க்கும் ஆராய்ச்சிக்கு அரசும் பல்கலைக்கழகங்களும் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ரேஷன் கார்டிலிருந்து மாத்திரை அட்டைவரை அதன் பலன் போய்ச் சேரும்.

புது ப்ரூஃப் வந்ததும் முதலில் அம்மாச்சியிடமே கொடுங்கள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சாயங்கால வெளிச்சத்தில், கை எட்டும் தூரத்தில் வைத்து, பூ எங்கே இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். விரலை மொட்டின் மேல் சரியாக வைத்தாரானால் அச்சுக்கு அனுப்பிவிடலாம்.