பட்டறையில் சேர்த்துவிடும் நல்ல மனசுக்காரர்களுக்கு

இந்த வருடச் சேர்க்கையில் இப்படிப் பட்டறையிலிருந்து வந்த மூன்றாவது பையன் இவன். அரசு ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) ஒன்றில் வெல்டர் பிரிவுப் பயிற்றுநராக இருக்கிறேன். வந்தவனுக்குப் பதினாறு வயது. கூட்டி வந்தவர் அவன் தெருமுனை டீக்கடைக்காரர்.

"சார், நாலு வருசமா பட்டறையில இருக்கான். வேலை சுத்தமா தெரியும். ஒரு சர்டிஃபிகேட் மட்டும் போட்டுக் குடுத்துருங்க."

"எட்டாவது மார்க் ஷீட் இருக்கா?"

இல்லை. ஏழாவது படிக்கும்போது அப்பா இறந்ததும் பள்ளியை விட்டவன். பட்டறையில் சேர்த்துவிட்டதே இந்த டீக்கடைக்காரர்தான். நல்லது என்று நினைத்துத்தான் செய்திருக்கிறார். அதனால்தான் எரிச்சலை எங்கே கொட்டுவதென்று தெரியவில்லை.

வெல்டிங் ஹோல்டரைக் கையில் கொடுத்துப் பார்த்தேன். கோடு நேராகவே போட்டான். வெல்டிங் ராடு பாக்கெட்டை நீட்டி, "இதுக்கு எத்தனை ஆம்பியர் வைப்பே?" என்றேன். பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது. அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "ஓனர் வச்சுக் குடுப்பாரு சார்" என்றான். டேப்பில் 347 மில்லிமீட்டர் குறிக்கச் சொன்னேன். 34-ஐத் தொட்ட விரல் அங்கேயே நின்றுவிட்டது. நான்கு வருடமும் பிடிக்கச் சொன்னதைப் பிடித்திருக்கிறான், தேய்க்கச் சொன்னதைத் தேய்த்திருக்கிறான், டீ வாங்கி வந்திருக்கிறான்.

"சின்ன வயசுல விட்டாத்தான் சார் கை வளையும்." இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கை எந்த வயதிலும் வளையும். முப்பது வயதில் வந்து என்னிடம் படித்துவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். பின்னம், கோணம், டிராயிங் பார்த்து அளவெடுப்பது, இதெல்லாம் வர வேண்டிய வயதில் வராவிட்டால் பிறகு பிடிப்பதுதான் பெரும்பாடு. டிராயிங் பார்க்கத் தெரிந்தவனுக்கு ஒரு கூலி. அவன் சொல்லச் சொல்லச் செய்பவனுக்கு வேறு கூலி. கண்ணைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வெல்டிங் அடித்துவிட்டு, ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்டது போல உறுத்த, உருளைக்கிழங்கை வெட்டி வைத்துக்கொண்டு படுக்கிற பையன்கள் இவர்கள்.

இதில் சட்டமும் இருக்கிறது. 14 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பது 2016 திருத்தத்துக்குப் பிறகு எல்லாத் தொழிலிலும் தடை. "சும்மா பழகத்தான் வர்றான்" என்று சொல்லும் ஓனர்கள் அதைத் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. வெல்டர் ஒரு வருடப் பயிற்சிதான், எட்டாவது பாஸ் போதும். ஆக, ஊர் செய்ய வேண்டியது பிள்ளையை அதுவரை பள்ளியில் நிறுத்தி வைப்பதுதான். பத்தாவது வரை என்றால் இன்னும் நல்லது.

ஜூனில் நோட்டு கொடுத்துப் போட்டோ எடுக்கும் சங்கங்களே, கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. காலாண்டு லீவு முடிந்து யார் யார் திரும்பி வரவில்லை என்று அக்டோபரிலும் ஒரு நடை போய்க் கேளுங்கள். நடுநிலைப்பள்ளி எட்டாவதோடு முடிகிற ஊரில், ஒன்பதாவதுக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் பெயர் ஏறும் வரை கூடவே இருங்கள். நழுவுவது பெரும்பாலும் அங்கேதான். டிசி இல்லை என்று திருப்பி அனுப்பினால் விடாதீர்கள். எட்டாவது வரையான வகுப்புகளில், 6 முதல் 14 வயதுப் பிள்ளைக்கு அந்தக் காரணத்தைச் சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப்பயிற்சியும் தர வேண்டும் என்கிறது. பள்ளி விஷயம் என்றால் 14417, பிள்ளை வேலையில் மாட்டியிருந்தால் 1098. கூப்பிடுங்கள். பட்டறை வைத்திருப்பவர்களே, ஐடிஐ முடித்து வரும் பையனை அப்ரண்டிஸாக எடுங்கள், உங்களுக்கும் வேலை தெரிந்த கை கிடைக்கும்.

இந்தப் பையனுக்கு வழி அடைபடவில்லை. எட்டாவதைத் தனித்தேர்வராக எழுதலாம். விண்ணப்பம் பற்றிச் சொல்லி முடித்ததும் டீக்கடைக்காரர், "நான் என்ன சார் பண்ணணும்?" என்றார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடையில் ஒரு பெஞ்சும் ஒரு லைட்டும் கேட்டேன். சரி என்றார். அந்தத் தெருவிலேயே டிகிரி முடித்தவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்களாம். கணக்குச் சொல்லித்தர இன்னும் ஒருவரும் கிடைக்கவில்லை.