கடனைக் கட்டி முடித்த பிறகும் சிபிலில் பாக்கி காட்டினால் என்ன செய்வது?

என் கல்விக் கடனுக்கு அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தார். கடனை முழுதாகக் கட்டி முடித்து இரண்டு வருடம் கழித்து, தன் பெயரில் ஒரு சின்னக் கடன் கேட்டு வேறொரு வங்கிக்குப் போனார். கிடைக்கவில்லை. மேனேஜர் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பி, "பழைய டியூ ஒண்ணு உங்க பேர்ல நிக்குது சார்" என்றார். அப்பா வீட்டுக்கு வந்து, கடன் பாக்கி எதுவும் இல்லை என்று வங்கி கொடுத்த, பீரோவில் பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக வைத்திருந்த நோ டியூஸ் கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனார். கடிதம் சரிதான் என்று மேனேஜரும் ஒத்துக்கொண்டார். ஆனால் கிரெடிட் ரிப்போர்ட்டில், அதாவது ஒருவர் வாங்கிய கடன்களும் கட்டிய விவரமும் பதிவாகும் அறிக்கையில், மாறாதவரை தன்னால் எதுவும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் இருவர் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பார்த்தோம். என்னுடையதில் அந்தக் கடன் முடிந்துவிட்டதாக இருந்தது. அப்பாவுடையதில் மட்டும் நிலுவை. ஒரே கடன், ஒரே வங்கி, இரண்டு ரிப்போர்ட்டில் இரண்டு கதை. அதைச் சரிசெய்ய அலைந்தபோதுதான், சட்டம் நம் பக்கம் இவ்வளவு இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது. கடனை அடைத்த ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். கிரெடிட் ரிப்போர்ட்டை வைத்திருப்பது உங்கள் வங்கி இல்லை. இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற நான்கு நிறுவனங்கள் இந்த வேலையைச் செய்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். நாம் எல்லாவற்றையும் சேர்த்து 'சிபில்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வங்கியும் நிதி நிறுவனமும் யார் எவ்வளவு வாங்கினார், எப்போது கட்டினார் என்ற விவரத்தை இந்த நால்வருக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. 2025 ஜனவரி 1 முதல் குறைந்தது மாதம் இரண்டு முறை, 15-ஆம் தேதி நிலவரத்தையும் மாதக் கடைசி நிலவரத்தையும் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. ஆக, நீங்கள் பணத்தைக் கட்டிய செய்தி வங்கி அனுப்பினால்தான் அங்கே போய்ச் சேரும். அனுப்பாமல் விட்டாலோ தப்பாக அனுப்பினாலோ, நோ டியூஸ் கடிதம் உங்கள் பீரோவிலும் பாக்கி உங்கள் ரிப்போர்ட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டே இருக்கும்.

கடனை முடித்து ஒரு மாதம் பொறுத்து ரிப்போர்ட்டை எடுங்கள். அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். கடனைக் கட்டிய விதத்தை வைத்துப் போடும் மதிப்பெண்ணோடு (கிரெடிட் ஸ்கோர்) சேர்ந்த முழு ரிப்போர்ட்டை வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நிறுவனமும் இலவசமாகத் தர வேண்டும். நான்கு நிறுவனங்கள் என்பதால் வருடத்தில் நான்கு இலவச ரிப்போர்ட். அவரவர் இணையதளத்தின் முகப்பிலேயே இதற்கான இணைப்பு இருக்க வேண்டும் என்பதும் விதிதான். சந்தா கட்டச் சொல்லும் பக்கத்துக்குப் போய்விட்டால் திரும்பி வந்து இலவச இணைப்பைத் தேடுங்கள். உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. கடனில் கூடக் கையெழுத்துப் போட்டவர், ஜாமீன் நின்றவர் எல்லோருமே அவரவர் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்பது நல்லது. எங்கள் வீட்டில் நாங்கள் விட்ட தப்பு அதுதான்.

ரிப்போர்ட்டில் ஒவ்வொரு கடனுக்கும் ஒரு கட்டம் இருக்கும். அதில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். ஒன்று, தற்போதைய நிலுவை, தவணை தவறிய தொகை ஆகிய இரண்டும். இரண்டுமே பூஜ்யமாக இருக்க வேண்டும். அடுத்தது, கடன் முடிந்த தேதி. அந்த இடம் காலியாக இருந்தால், வங்கி முடித்த செய்தியையே அனுப்பவில்லை என்று பொருள். மூன்றாவதுதான் மிக முக்கியம்: கணக்கின் நிலை. 'க்ளோஸ்டு' என்றால் நிம்மதி. 'செட்டில்டு' என்றோ 'ரிட்டன் ஆஃப்' என்றோ இருந்தால் நிற்க வேண்டும்.

இந்த இரண்டு வார்த்தைகளால் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். 'செட்டில்டு' என்றால் தீர்த்துக் கட்டிவிட்டோம் என்றுதானே காதில் விழுகிறது? ரிப்போர்ட்டில் அதன் பொருள் வேறு. முழுத் தொகையும் கட்டவில்லை, ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு மீதியை வங்கி விட்டுக்கொடுத்தது என்று அர்த்தம். வசூலுக்கு வருபவர், "ஒண்ணே கால் லட்சம் இருக்கு, எழுபதாயிரம் கட்டுங்க, முடிச்சு விடுறேன்" என்று சொல்லும்போது அதன் முழு விலையையும் சொல்வதில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பார்த்ததும் அடுத்த வங்கி தயங்கும். விவசாயக் கடன் அல்லாத மற்றக் கடன்களில் இப்படிச் சமரசம் செய்துகொண்டவருக்கு அதே வங்கி குறைந்தது 12 மாதம் புதுக் கடன் தரக்கூடாது என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி தனியாகவே விதித்திருக்கிறது. 'ரிட்டன் ஆஃப்' என்பது இன்னும் மோசம். வராக் கடன் என்று வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டது என்பதுதான் அது. உங்களுக்குக் கடன் தள்ளுபடி ஆகிவிட்டது என்பதில்லை.

இப்படிப்பட்ட பதிவு உண்மையாக இருந்தால் அதைத் திருத்தக் கேட்கும் உரிமை கிடையாது. அதற்கு வழி ஒன்றுதான். விட்டுக்கொடுத்த மீதித் தொகை எவ்வளவு என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு, அதைக் கட்டி, பிறகு நிலையை 'க்ளோஸ்டு' என்று மாற்றச் சொல்ல வேண்டும். கட்டுவதற்கு முன்பே, கட்டினால் மாற்றித் தருவோம் என்று வங்கியிடமிருந்து எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சை நம்பிப் பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் நடையாய் நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வங்கியின் பெயரில், வங்கிக் கணக்குக்குத்தான் பணம் போக வேண்டும். வசூலுக்கு வந்தவருடைய ஃபோன் எண்ணுக்கு அனுப்பவே கூடாது.

சரி, முழுதும் கட்டியாகிவிட்டது, ஆனாலும் ரிப்போர்ட் தப்பாக இருக்கிறது. இங்கேதான் சட்டம் வருகிறது. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 21-ஆவது பிரிவு. உங்களைப் பற்றிய தகவலைத் திருத்தும்படி வங்கியையோ அந்தத் தகவல் நிறுவனத்தையோ நீங்கள் கேட்கலாம்; கேட்ட 30 நாளுக்குள் அவர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும். தகவல் நிறுவனம் தானாக எதையும் மாற்றாது, வங்கி சரி என்று உறுதி சொன்ன பிறகுதான் மாற்றும். அதனால் இரண்டு பக்கமும் ஒரே நாளில் புகார் கொடுப்பது நல்லது. கட்டணம் எதுவும் கிடையாது.

இந்த 30 நாள் கெடு ரொம்ப காலம் ஏட்டில் மட்டுமே இருந்தது. மீறினால் என்ன என்று கேட்க ஆளில்லை. 2023 அக்டோபர் 26-ஆம் தேதி ரிசர்வ் வங்கி அதற்கு ஒரு விலை வைத்தது. அது 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீரவில்லை என்றால், அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். காலண்டர் நாள் கணக்கு, ஞாயிறும் விடுமுறையும் சேர்த்தி. 75-ஆவது நாள் தீர்ந்தால் 45 நாளுக்கு 4,500 ரூபாய். திருத்திய ரிப்போர்ட்டை உங்களுக்கு அனுப்பிய நாள்தான் புகார் தீர்ந்த நாள். "மேலே அனுப்பிட்டோம்" என்று சொன்ன நாள் இல்லை. தீர்ந்த பிறகு 5 வேலை நாளுக்குள் பணம் உங்கள் கணக்கில் விழ வேண்டும்.

யார் தருவது என்பதையும் விதியே பிரித்துச் சொல்கிறது. வங்கிக்கு 21 நாள். அதற்குள் சரியான தகவலை அனுப்பாவிட்டால் வங்கி தர வேண்டும். வங்கி நேரத்தோடு அனுப்பியும் தகவல் நிறுவனம் இழுத்தடித்தால் அந்த நிறுவனம் தர வேண்டும். இந்த 21 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிளையில் போய் நிற்கும்போது, "இருபத்தோரு நாள் ஆச்சுங்க, நீங்க அனுப்பினதுக்கு ஆதாரம் காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சின் தொனியே மாறும்.

என் மதிப்பெண்ணை ஏன் இவ்வளவு குறைவாகப் போட்டார்கள் என்ற சண்டைக்கு இந்த இழப்பீடு பொருந்தாது. பதிவு தப்பாக இருந்தால் மட்டும்தான். நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரத்துக்கும் கிடையாது.

புகாரைக் கட்டாயம் எழுத்தில் கொடுங்கள். கவுன்டரில் வாயால் சொன்னால் நாள் ஓட ஆரம்பிக்காது. வங்கியின் மின்னஞ்சலுக்கோ புகார்ப் பக்கத்திலோ அனுப்பி, புகார் எண்ணை வாங்குங்கள். அப்பாவுக்காக நான் எழுதியது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"கடன் எண் இது. இந்தத் தேதியில் முழுத் தொகையும் கட்டி முடிக்கப்பட்டது. தாங்கள் கொடுத்த நோ டியூஸ் சான்று இணைப்பில் உள்ளது. ஆனால் இணைக் கடனாளியான என் தந்தையின் கிரெடிட் ரிப்போர்ட்டில் இந்தக் கடன் நிலுவையில் உள்ளதாகக் காட்டுகிறது. அந்தப் பக்கத்தின் நகலும் இணைப்பில் உள்ளது. நிலுவையைப் பூஜ்யமாக்கி, கணக்கை முடிந்ததாக மாற்றி, நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தெரிவிக்கக் கோருகிறேன். 30 நாளுக்குள் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி விதிப்படி உரிய இழப்பீட்டைக் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இழப்பீடு எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்பதைப் புகாரிலேயே சரியாகக் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு. நான்கு நிறுவனங்களையும் குறிப்பிடுவதும் அவசியம். ஒன்றில் மட்டும் திருத்தி, மற்ற மூன்றில் அப்படியே விட்டுவிடும் வாய்ப்பு இருக்கிறது. அடுத்து கடன் கேட்கும் வங்கி எதைப் பார்க்கும் என்று நமக்குத் தெரியாது.

தகவல் நிறுவனத்தின் இணையதளத்தில் புகார் கொடுக்கும்போது ரிப்போர்ட்டின் மேலே அச்சாகியிருக்கும் எண்ணைக் கேட்பார்கள். எந்தக் கடன், எந்த விவரம் தப்பு என்று குறிக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். திருத்த முடியாது என்று மறுத்தால், ஏன் என்று காரணம் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணக் கடிதமும் உங்களுக்குப் பயன்படும் ஆவணம்தான்.

30 நாள் கழிந்தும் பதில் இல்லை, அல்லது தர வேண்டிய இழப்பீட்டை மறுக்கிறார்கள் என்றால் அடுத்த படி ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம். 2021-இல் தொடங்கியது, 2022 செப்டம்பரிலிருந்து கடன் தகவல் நிறுவனங்களும் இதற்குள் வருகின்றன. வக்கீல் தேவையில்லை, செலவில்லை. ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் பதியலாம். சந்தேகம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. வங்கிக்கு முதலில் எழுதியதற்கான ஆதாரம் இல்லாமல் இங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புகார் எண்ணை வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

கிரெடிட் கார்டுக்கு விதி சற்று வேறு. பாக்கி வைத்தவர் என்று உங்களைப் பற்றித் தகவல் அனுப்பும் முன் 7 நாள் அவகாசம் கொடுத்துத் தெரிவிக்க வேண்டும். அப்படி அனுப்பிய பிறகு நீங்கள் கட்டிவிட்டால், கட்டிய 30 நாளுக்குள் அவர்களே பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பாக்கியில்லாத கார்டை மூடச் சொல்லி எழுதினால் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் மூடும்வரை நாளுக்கு 500 ரூபாய். பில்லை முழுதாகக் கட்டிவிட்டோம் என்று கார்டை அப்படியே போட்டுவிடாதீர்கள். வருடக் கட்டணம் ஏறி, அதற்கு வட்டி ஏறி, சில நூறு ரூபாய்க்காக ரிப்போர்ட் கெட்டுப்போகும். மூடியதற்குக் கடிதம் வாங்கினால்தான் முடிந்தது.

உண்மையிலேயே தவணை தவறியிருந்தால்? அது மறையாது. கட்டி முடித்த கடனிலும், எந்த மாதம் எத்தனை நாள் தாமதம் என்ற கட்டம் அப்படியே இருக்கும். தகவலைக் குறைந்தது 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது அந்த நிறுவனங்களுக்கான விதி. "பணம் கொடுங்க, பழைய ரெக்கார்டை அழிச்சுத் தர்றோம்" என்று யாராவது கூப்பிட்டால் நம்பாதீர்கள். உண்மையான பதிவை அழிக்க அவருக்கு வழியில்லை. பொய்யான பதிவைத் திருத்த அவர் நமக்குத் தேவையில்லை. தாமதக் கட்டங்களுக்கு மேலே புதிய மாதங்கள் தவறாமல் கட்டியதாகச் சேரச் சேர மதிப்பெண் மெல்ல ஏறும். அதற்கு மாதக் கணக்கில் பொறுமை வேண்டும்.

வீட்டை அடமானம் வைத்த கடனானால் ரிப்போர்ட்டோடு வேலை முடிவதில்லை. முழுத் தொகையும் கட்டிய 30 நாளுக்குள் மூலப் பத்திரங்கள் அத்தனையையும் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இருக்கும் விதி இது. பத்திரத்தைத் தொலைத்துவிட்டார்கள் என்றால் நகல் எடுக்க உதவுவதும் அதன் செலவும் வங்கியுடையது, அதற்கு இன்னும் 30 நாள் அவகாசம் உண்டு. தமிழ்நாட்டில் அடமானத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் அங்கே பதிய வேண்டும். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் அடமானம் நின்றுகொண்டே இருக்கும். வண்டிக் கடனென்றால் நிதி நிறுவனம் கையெழுத்திட்ட 35-ஆம் படிவத்தை வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்திலிருந்து அவர்கள் பெயரை எடுத்துவிடுங்கள்.