டிஸ்சார்ஜ் பில்லில் தெரியும் பாலிசி: சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு

"மூணு லட்சத்துக்கு பாலிசி இருக்கு மேடம். மொத்த பில்லே எழுபதாயிரம் தாண்டலை. அப்புறம் எதுக்கு நான் கையிலிருந்து கட்டணும்?"

இரண்டு வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற அந்த அப்பா கேட்டது நியாயமான கேள்விதான். ஊசி எடுத்த இடத்தில் பையனின் கையில் பஞ்சும் பிளாஸ்திரியும் இன்னும் ஒட்டியிருந்தன. நான்கு நாள் வாந்தி, வயிற்றுப்போக்கு. ட்ரிப்ஸ் ஏற்றித் தேற்றியாகிவிட்டது. வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் 23,600 ரூபாய் கட்டச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் உட்கார்ந்து அப்ரூவல் வாங்குவதும், வராததற்குப் பதில் சொல்வதும் என் வேலை. அன்று அவருக்கு ஒரு வெள்ளைத்தாளில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கேயும் போடுகிறேன்.

அவருடைய பாலிசியில் அறை வாடகைக்கு உச்சவரம்பு, காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம். மூன்று லட்சத்துக்கு ஒரு நாளைக்கு 3,000 ரூபாய். அவர் எடுத்தது 6,000 ரூபாய் அறை. நான்கு நாளுக்கு 24,000. அதில் பாதி, 12,000 அவர் தலையில். இதுவரை எல்லோருக்கும் புரிந்துவிடும். புரியாதது அடுத்தது. தகுதிக்கு மேலான அறை எடுத்தால் டாக்டர் விசிட், நர்சிங் போன்ற கட்டணங்களையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். 18,000 ரூபாயில் 9,000 போயிற்று. மருந்தும் லேப் டெஸ்ட்டும் 22,000; அதில் கை வைக்கவில்லை. வைக்கவும் கூடாது. மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்தும் கருவிகள், ஐ.சி.யூ. கட்டணம் ஆகியவற்றில் இந்த விகிதக் கழிவைப் போடக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதியே இருக்கிறது. மீதி 2,600 ரூபாய் டயப்பர், நெபுலைசர் கிட், இன்னும் சில சில்லறைப் பொருள்கள். ஆக 66,600 ரூபாய் பில்லில் வந்தது 43,000.

அறை வாடகையின் உச்சவரம்பை பாலிசி வாங்கியபோது அவரிடம் யாரும் சொல்லவில்லை. அட்மிஷன் போட்ட இரவு, எந்த அறை தகுதிக்குள் வரும் என்று எங்கள் ஆட்களும் சொல்லவில்லை. அது எங்கள் பக்கத்துத் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

பாலிசி வாங்கும்போது பெரும்பாலானவர்கள் ஐந்து லட்சமா, பத்து லட்சமா என்றுதான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். தொகை முக்கியம்தான், குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் அட்மிஷன்களில் நான் பார்ப்பது பெரும்பாலும் மூன்று, நான்கு நாள் சமாச்சாரம்: காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இளைப்பு, டெங்கு. அந்த பில்கள் காப்பீட்டுத் தொகையைத் தொடுவதே இல்லை. பணம் போவதெல்லாம் ஷரத்துகளில்தான். அதனால் முதலில் பார்க்க வேண்டியது அறை வாடகை பற்றிய ஷரத்து. வரம்பே இல்லாத பாலிசி கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கொடுத்தாலும் தகும். 'சிங்கிள் பிரைவேட் ரூம்' என்று போட்டிருந்தால் டீலக்ஸும் சூட்டும் அதில் வராது.

சில்லறைப் பொருள் விஷயத்துக்கு வருகிறேன். காப்பீட்டில் வராதவை என்று 68 இனங்கள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் குழந்தை உணவு, டயப்பர், நெபுலைசர் கிட், ஸ்பேசர், ஆவி பிடிக்கும் கருவி, தெர்மாமீட்டர் எல்லாம் உண்டு. படித்தால் குழந்தைகள் வார்டைச் சுற்றிப் பார்த்து எழுதியது போலவே இருக்கும். கன்ஸ்யூமபிள்ஸ் கவர் என்ற ஆட்-ஆன், அதாவது கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கும் கவர், இருந்தால் இதில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ஆட்-ஆன்களைக் கண்டால் பொதுவாக எனக்குப் பிடிக்காது. சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு இந்த ஒன்றை மட்டும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்தது, குழந்தை எந்த நாளிலிருந்து பாலிசிக்குள் வருகிறது? குடும்பம் முழுவதற்கும் ஒரே தொகையைப் பொதுவாக வைக்கும் ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசிகள் பலவற்றில் பிறந்து 91 நாள் ஆன பிறகுதான் சேர்ப்பார்கள். பிறந்த மூன்றாம் நாளே மஞ்சள் காமாலை என்று விளக்குக்கு அடியில் படுக்க வைத்த குழந்தையும், குறைமாதத்தில் பிறந்து என்.ஐ.சி.யூ. எனும் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் இருக்கும் குழந்தையும் அந்த 91 நாளுக்குள்தான் இருக்கிறார்கள். மகப்பேறு கவரோடு பிறந்த குழந்தைக்கும் முதல் நாளிலிருந்து காப்பீடு தரும் பாலிசிகள் இருக்கின்றன. ஆனால் மகப்பேறு கவருக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. பல பாலிசிகளில் அது இரண்டு வருடமோ அதற்கு மேலோ. ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்து "இப்போ எடுத்தா பிரசவத்துக்கு ஆகுமா?" என்று கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்வது எனக்கு வாடிக்கையாகிவிட்டது. கல்யாணமான புதிதில் கேட்க வேண்டிய கேள்வி அது. ஆபீஸ் குரூப் பாலிசியில் பெரும்பாலும் இந்தத் தடை இருக்காது, முதல் நாளிலிருந்தே குழந்தையைச் சேர்க்கலாம். ஆனால் வேலை போனால் அதுவும் கூடவே போய்விடும். அதை மட்டும் நம்பிச் சொந்த பாலிசி எடுக்காமல் இருக்க வேண்டாம்.

காத்திருப்புக் காலத்தில் இன்னொன்றும் இருக்கிறது. விபத்தைத் தவிர வேறு எதற்கும் முதல் 30 நாள் கிளெய்ம் கிடையாது. குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்குப் பல பாலிசிகளில் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். டான்சில், அடினாய்டு, குடலிறக்கம் மூன்றும் வழக்கமாக அந்தப் பட்டியலில் வரும். மூன்றுமே குழந்தைகளுக்கு வருபவை. பிறவிக் குறைபாட்டில், வெளியே தெரிவதைப் பெரும்பாலும் விலக்கிவிடுவார்கள். இதயத்தில் ஓட்டை போல உள்ளே இருப்பதைப் பல பாலிசிகள் ஏற்கும், காத்திருப்போடு. ஏற்கெனவே இருந்த நோய்களுக்கான காத்திருப்பு முன்பு நான்கு வருடம் வரை இருந்தது. 2024-இல் வந்த விதிகளின்படி மூன்று வருடத்துக்கு மேல் வைக்கக்கூடாது.

இனி எந்தப் பாலிசி விளம்பரத்திலும் பார்க்க முடியாத ஒன்று. அட்மிஷன் நேரத்தில் டாக்டர் எழுதும் கேஸ் ஷீட்.

நள்ளிரவில் குழந்தை மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது. "எத்தனை நாளா இப்படி?" என்று டியூட்டி டாக்டர் கேட்கிறார். பதற்றத்தில் பாட்டி சொல்கிறார்: "பொறந்ததுலேர்ந்தே சளிதான் டாக்டர்." டாக்டர் அப்படியே எழுதிவிடுகிறார்: பிறந்ததிலிருந்து. மறுநாள் காலையில் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து எனக்குக் கேள்வி வருகிறது. இது பிறவிக் கோளாறா? பாலிசி எடுக்கும்போது இளைப்பு இருந்ததைச் சொன்னார்களா? பழைய மருந்துச் சீட்டுகளை அனுப்புங்கள். அந்த ஒரு வரியால் கேஷ்லெஸ் (கம்பெனியே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டுவது) மறுக்கப்பட்டு, பணத்தைத் தாங்களே கட்டிவிட்டு, அதைத் திரும்பப் பெறும் ரீஇம்பர்ஸ்மென்ட்டுக்கு அலைந்த குடும்பங்கள் உண்டு.

பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மையைத் துல்லியமாகச் சொல்லுங்கள் என்கிறேன். "போன டிசம்பரில் ஒரு தடவை நெபுலைசர் வைத்தோம், அப்புறம் இப்போதுதான்" என்பது வேறு, "எப்பவுமே இப்படித்தான்" என்பது வேறு. அதேபோல பாலிசி எடுக்க நிரப்பும் புரொபோசல் படிவத்தில் குழந்தைக்கு ஃபிட்ஸ் வந்ததையோ, இளைப்புக்கு மருந்து எடுத்ததையோ மறைக்காதீர்கள். ஏஜென்ட் "அதெல்லாம் போட வேண்டாம் சார்" என்று சொன்னாலும் போடுங்கள். கிளெய்ம் அன்று அவர் டெஸ்க்குக்கு வரமாட்டார். 60 மாதம் தொடர்ந்து பாலிசி வைத்திருந்தால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, மறைத்ததைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு அந்தக் கணக்கு எந்தப் பாலிசியில் முடிந்திருக்கும்?

'கண்காணிப்புக்காக அட்மிட்' என்ற வார்த்தையும் ஆபத்து. வெறும் பரிசோதனைக்காகவோ கண்காணிப்புக்காகவோ சேர்த்ததாகத் தோன்றினால் கிளெய்ம் நிற்காது. குழந்தை எதையும் குடிக்க மறுத்தது, ஆக்சிஜன் அளவு இறங்கியது, ட்ரிப்ஸ் தேவைப்பட்டது என்று காரணம் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்க வேண்டும். அதைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று ஒரு தடவை படியுங்கள். விட்டுப்போனதைச் சேர்க்கச் சொன்னால் டாக்டர்கள் கோபித்துக்கொள்வதில்லை.

கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அப்ரூவலுக்கு மூன்று மணி நேரத்திலும் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். அந்த மூன்று மணி நேரம் நாங்கள் கடைசி பில்லை அனுப்பிய பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். காலையில் ரவுண்ட்ஸில் "போகலாம்" என்று சொன்னதிலிருந்து நீங்கள் எண்ணினால் எங்களோடு சண்டைதான்.

தாத்தா பாட்டியை அதே ஃப்ளோட்டரில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். ஃப்ளோட்டரில் பிரீமியம் பொதுவாக மூத்தவரின் வயதை வைத்துத்தான், தொகையும் பொது. அவர்களுக்குத் தனியாக எடுங்கள். தனிநபர், ஃப்ளோட்டர் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை என்பதால் இரண்டாக எடுப்பது முன்பு அளவுக்குக் கடிக்காது.

பாலிசி கைக்கு வந்ததும் 30 நாள் அவகாசம் உண்டு; பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாம். அந்த மாதத்தில் ஒரு நாள் உட்கார்ந்து அறை வாடகை, குழந்தை சேரும் நாள், காத்திருப்பு மூன்றையும் தேடிப் படித்துவிடுங்கள். கூடவே வரும் வாடிக்கையாளர் தகவல் தாளில் இவை சுருக்கமாக இருக்கும். கிளெய்மை அநியாயமாக மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

கடைசியாக, யாருமே நினைத்துப் பார்க்காத ஒரு சிக்கல். பிறந்த குழந்தைக்கு எங்கள் பதிவேட்டில் பெயர் கிடையாது; அம்மா பெயரைப் போட்டு 'பேபி ஆஃப்' என்றுதான் எழுதுவோம். அதே பெயரில் பாலிசியிலும் சேர்த்துவிட்டு, பிறகு ஆசையாக ஒரு பெயர் வைத்து, பிறப்புச் சான்றிதழ், ஆதார் எல்லாம் வாங்கிவிடுவார்கள். பாலிசி மட்டும் பழைய பெயரிலேயே தூங்கும். ஒன்றரை வயதில் காய்ச்சலோடு வரும்போது, இது அதே குழந்தைதானா என்று கம்பெனி கேட்கும். பெயர் வைத்த வாரமே பிறப்புச் சான்றிதழை இணைத்துக் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு, பாலிசியில் பெயரை மாற்றியதற்கான எண்டார்ஸ்மென்ட் தாளை வாங்கித் தடுப்பூசி அட்டையோடு வைத்துவிடுங்கள்.