முதல் பக்கம் அப்புறம், முதலில் கூகுள் பட்டியலில் இருக்கிறீர்களா பாருங்கள்

சிறு தொழில் செய்பவர்களிடமிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "வெப்சைட் போட்டு ரொம்ப நாளாச்சு, கூகுளில் வரவே மாட்டேங்குது. முதல் பக்கத்துக்குக் கொண்டுவர எவ்வளவு ஆகும்?" செலவைப் பேசுவதற்கு முன்னால் நான் ஒன்றைப் பார்த்துவிடுவேன். அந்தத் தளம் கூகுளின் பட்டியலில் ஏறியிருக்கிறதா? வரிசையில் பின்னால் நிற்பது வேறு, வரிசையிலேயே இல்லாதது வேறு. முன்னதற்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். பின்னதைப் பல நேரம் ஒரு டிக்கை எடுத்துவிட்டாலே சரிசெய்துவிடலாம்.

இதை நீங்களே பார்க்கலாம். கூகுளின் தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைப் போடுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் கூகுளுக்கு உங்களைத் தெரியும். ஒன்றுமே வராவிட்டால் ஏதோ ஒரு தடை இருக்கிறது என்று சந்தேகப்படலாம். வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் கட்டிய தளமென்றால் நான் நேராகப் போய்ப் பார்ப்பது அமைப்புகளில் 'ரீடிங்' பகுதியை. தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்ல அங்கே ஒரு கட்டம் உண்டு. வேலை பாதியில் இருக்கும்போது தளம் யார் கண்ணிலும் படக் கூடாதென்று அதை டிக் செய்து வைப்பார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் தளத்தைத் திறந்துவிடும் நாளில் அதை எடுக்க மறந்துவிடுகிறார்கள். அந்த ஒரு டிக், எல்லாப் பக்கங்களிலும் 'நோஇண்டெக்ஸ்' என்ற வரியைச் சேர்த்துவிடும். பார்க்கிற உங்களுக்குத் தளம் கச்சிதமாகத் தெரியும், அதனால் குறை எங்கே என்று கடைசிவரை பிடிபடாது.

உறுதியாகத் தெரிந்துகொள்ள கூகுள் சர்ச் கன்சோல் இருக்கிறது. இலவசம். ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் அது பட்டியலில் உள்ளதா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று சொல்லும். எந்தெந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் தளம் காட்டப்பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று 16 மாதக் கணக்கை வைத்திருக்கும். வெப்சைட்டுக்குக் காசு செலவழித்தவர்களில் பலர் இதைத் திறந்தே பார்த்ததில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். பிங்குக்கும் இதுபோல வெப்மாஸ்டர் டூல்ஸ் இருக்கிறது.

சரி, தளம் பட்டியலில் இருக்கிறது, ஆனாலும் யாரும் வரவில்லை. இப்போது பார்க்க வேண்டியது, தளத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை. நான் கையில் எடுத்த ஒரு தளம் வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் தொழிலுக்கானது. முகப்புப் பக்கத்தின் தலைப்பு 'ஹோம்'. முதல் வரி 'தரமே எங்கள் தாரக மந்திரம்'. அதன் கீழே நம்பிக்கை, நேர்த்தி, வாடிக்கையாளர் திருப்தி என்று இரண்டு பத்தி. வாஷிங் மெஷின் ரிப்பேர் என்ற சொற்கள் இருந்தது ஒரே இடத்தில், அதுவும் பேனர் படத்துக்குள்! படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பக்கத்தின் வாசகமாகத் தேடுபொறி எடுத்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களுக்கும் அதே சிக்கல்தான். ஆக, என்ன தொழில் என்றே அந்தத் தளம் எழுத்தில் சொல்லவில்லை.

நாங்கள் செய்தது எளிமையானது. தொலைபேசி எடுப்பவரிடம், கூப்பிடுகிறவர்கள் சொல்லும் முதல் வாக்கியத்தை அப்படியே ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னோம். 'தண்ணி வெளியே போகலை', 'டிரம் சுத்த மாட்டேங்குது', 'ஓடும்போது மெஷின் நகர்ந்து வருது'. யாருமே 'தரமான சேவை வேண்டும்' என்று கூப்பிடவில்லை. ஜனங்கள் தேடல் கட்டத்தில் தட்டுவதும் இதே போன்ற வாக்கியங்களைத்தான். ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒரு பக்கம் எழுதினோம். தண்ணீர் போகவில்லை என்ற பக்கத்தில், குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள், வடிகட்டியில் நூலோ நாணயமோ அடைத்திருக்கிறதா பாருங்கள், மின்சாரத்தைத் துண்டித்த பிறகே கைவையுங்கள், இதற்கும் சரியாகவில்லையென்றால் பம்ப்பைப் பார்க்க வேண்டும், எங்களைக் கூப்பிடுங்கள் என்று போனது எழுத்து. எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் யார் கூப்பிடுவார்கள் என்று உரிமையாளர் தயங்கினார். ஞாயமான பயம்தான். ஆனால் வடிகட்டியைத் தானே சுத்தம் செய்துகொள்பவர் அதற்காக எப்படியும் கூப்பிட்டிருக்க மாட்டார். பம்ப்பில் கோளாறு உள்ளவருக்கோ, விஷயம் தெரிந்த ஆள் இங்கே இருக்கிறார் என்ற நம்பிக்கை பக்கத்தைப் படிக்கும்போதே வந்துவிடும். தலைப்பையும் மாற்றினோம். 'ஹோம்' போய், என்ன வேலை, எந்தப் பகுதி, தொழிலின் பெயர் என்ன என்ற மூன்றும் வந்தன. தேடல் முடிவில் பெரும்பாலும் நீல எழுத்தில் வருவது அந்தத் தலைப்புதான்.

இதற்கு நடுவில் 'மெட்டா கீவேர்ட்ஸ்' என்ற பெயரில், பார்ப்பவர் கண்ணில் படாமல் பக்கத்தின் நிரலுக்குள் நூறு சொற்களைத் திணித்துத் தருகிறோம், அதற்குத் தனிக் கட்டணம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். தேடல் வரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தைப் பல பிரதிகள் எடுப்பதும் கூகுளின் விதிகளுக்கு எதிரானதுதான்.

குறிப்பிட்ட பகுதிக்குள் தொழில் செய்பவருக்கு, வெப்சைட்டுக்கு இணையாக முக்கியமானது கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் உங்கள் தொழிலைக் காட்டும் பதிவு. 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்ற பெயரில் இருந்தது. வரைபடத்தோடு வரும் முடிவுகளை முக்கியமாகப் பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றை வைத்து வரிசைப்படுத்துவதாகக் கூகுளே சொல்கிறது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டுக்கும் வேலை செய்யலாம்: சரியான தொழில் வகை, உண்மையான வேலை நேரம், சமீபத்திய படங்கள், வருகிற ரிவ்யூக்களுக்கு மரியாதையான பதில். தொழிலின் பெயரோடு 'சிறந்த', 'நம்பர் ஒன்' என்றெல்லாம் ஒட்டவைக்காதீர்கள், விதிமீறல். தள்ளுபடி கொடுத்து ரிவ்யூ வாங்குவதும் அப்படியே. பிடிபட்டால் ரிவ்யூக்கள் நீக்கப்படலாம், புரொஃபைலே முடக்கப்படலாம்.

தளத்தை எப்போதும் மொபைலில் திறந்து பாருங்கள். கூகுள் இப்போது பட்டியலிட எடுத்துக்கொள்வது மொபைல் வடிவத்தைத்தான். கணினியில் இருந்து மொபைலில் இல்லாத பத்தி, அதைப் பொறுத்தவரை இல்லாததுதான். வேகத்துக்கு அது சொல்லும் அளவுகளில் ஒன்று, திரையில் தெரியும் முக்கிய உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது. கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கருவியில் இலவசமாகச் சோதிக்கலாம். சிறு தளங்கள் மெதுவாக இருக்கப் பெரும்பாலும் காரணம், கேமராவில் எடுத்த படத்தைச் சுருக்காமல் அப்படியே ஏற்றுவதுதான்.

இப்போது, 'முதல் பக்கம் கேரண்டி' என்று வரும் அழைப்புகளைப் பற்றி. கூகுளில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. விளம்பரத்துக்குக் காசு கொடுத்தால் விளம்பரம் என்ற அடையாளத்தோடு மேலே வரலாம். ஆனால் இயல்பான வரிசையில் இடம் விற்பனைக்கு இல்லை. கேரண்டி கொடுப்பவர்கள் அதை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் தெரியுமா? யாருமே தேடாத ஒரு நீண்ட சொற்றொடரைத் தேர்ந்தெடுத்து, அதற்கு முதலிடம் காட்டிவிடுவார்கள். அல்லது உங்கள் தொழில் பெயரையே தேடிக் காட்டுவார்கள். சொந்தப் பெயருக்கு முதலில் வருவதில் பெரிய சாமர்த்தியம் இல்லை. இன்னொரு வகை, மற்ற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு ஆயிரக்கணக்கில் இணைப்புகள் தருகிறோம் என்பவர்கள். காசுக்கு வாங்கிய இணைப்புகளை வைத்து மேலே ஏறிய தளங்களைக் குறிவைத்து, 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றத்தையே தன் வரிசைப்படுத்தும் முறையில் கூகுள் கொண்டுவந்தது. இன்று அப்படிப்பட்ட இணைப்புகள் கண்டுகொள்ளப்படாமல் போகும், மோசமானால் தண்டனை அறிவிப்பு சர்ச் கன்சோலில் வந்து நிற்கும். நட்டம் உங்களுக்கு, இணைப்பு விற்றவருக்கு இல்லை.

நேர்மையான ஆட்களும் நிறைய இருக்கிறார்கள், அவர்களிடம் வேலை கொடுப்பதில் தவறில்லை. பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம் என்று முன்கூட்டியே சொல்வார்கள். எந்தப் பக்கத்தில் எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று மாதாமாதம் எழுதித் தருவார்கள். தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகளைப் புதிய முகவரிகளுக்கு '301' எனப்படும் நிரந்தர வழிமாற்றம் செய்வார்கள். இது விட்டுப்போனால் பல வருடமாகச் சேர்ந்த இடம் கரைந்துவிடும், அதனால் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், உங்கள் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். சர்ச் கன்சோலிலும் பிசினஸ் புரொஃபைலிலும் உரிமையாளர் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். வேலை செய்பவருக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள், வேலை முடிந்ததும் நீங்களே அதை நீக்கிவிடலாம்.