பெரியம்மாவின் செண்ட் பாட்டிலும் கல்பாசியும்

வேலூர் தோட்டப்பாளையத்தில் பெரியம்மா வீட்டு இரும்பு பீரோவைத் திறந்தால், நாப்தலின் உருண்டையையும் மீறி ஒரு வாசம் வரும். அவர் சி.எம்.சி.யில் நர்ஸாக இருந்தபோது, ஊர் திரும்பிய வெளிநாட்டு டாக்டரம்மா ஒருவர் கொடுத்துவிட்டுப் போன பாட்டில். கோட்டி என்ற பிரெஞ்சு செண்ட் நிறுவனத்தின் 'ஷிப்ர்'. இப்போது தயாரிப்பில் இல்லை. அடியில் தேன் நிறத்தில் கால் அங்குலம்தான் மிச்சம்.

போன மாதம் ஒரு சொட்டைக் காகித நுனியில் விட்டு முகர்ந்தேன். நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி நெடி. கெட்டுப்போய்விட்டது என்று மனசு விட்டுப்போனது. அரை மணி கழித்து எடுத்துப் பார்த்தால், அதே காகிதத்தில் நனைந்த மரப்பட்டையும் ஈர மண்ணும் மணக்கின்றன.

காரணம் ஆவியாகும் வேகம். செண்டில் இருப்பது ஒரே பொருள் அல்ல. லேசான மூலக்கூறுகள் முதல் சில நிமிடங்களிலேயே பறந்துவிடும். கனமானவை மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் தங்கும். பிரான்சுவா கோட்டி 1917-ல் வெளியிட்ட ஷிப்ரில் முதலில் பறக்கும் மேல்வாசம் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தோல் எண்ணெய்; கடைசிவரை தங்கும் அடிவாசம் லாப்டனம் பிசினும் ஓக்மாஸும். பின்னால் வந்த, பெண்களுக்கான எத்தனையோ செண்டுகள் இந்தக் கட்டமைப்பில்தான் உருவாயின. அந்தச் செண்டுக் குடும்பத்துக்கே ஷிப்ர் என்று பெயர்.

கெட்டது மேல்வாசம்தான். பழத்தோல் எண்ணெயில் உள்ள லிமோனீன் காற்றுப் பட்டால் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறிவிடும். பாட்டிலில் செண்ட் குறையக் குறைய உள்ளே காற்று கூடும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், பீரோ வெளிச்சத்தைத் தடுத்தது, சூட்டைத் தடுக்கவில்லை.

சரி, அடிவாசமான ஓக்மாஸ் எப்படிப் பிழைத்தது? அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பெயரில் பாசி ('மாஸ்') இருந்தாலும் அது பாசி அல்ல, லைக்கன். ஒரு பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் கூட்டு. ஓக் மரப்பட்டையில் வளரும். பிரியாணி மசாலாவில் போடும் நம் கல்பாசியும் லைக்கன்தான். வெறும் வாணலியில் கல்பாசியைப் போட்டுச் சூடு காட்டுங்கள். கருகுவதற்கு முன் எழும் அந்த மண்வாசம் ஷிப்ரின் அடிவாசத்துக்கு உறவு.

இரண்டிலும் அட்ரனோரின் என்ற பொருள் உண்டு. அது உடையும்போது ஒரு பாதி ஓக்மாஸின் அந்த மணத்தைத் தரும் மூலக்கூறாகிறது. எளிதில் ஆவியாகாததால் பல காலம் நிற்கும். மறுபாதி அட்ரனால் ஆகிறது. சிலருக்குத் தோல் ஒவ்வாமை தருவது இதுதான். மணமும் அரிப்பும் ஒரே மூலக்கூறின் இரண்டு துண்டுகள்!

2017-ல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுப் பொருள்களில் அட்ரனாலைத் தடைசெய்தது. ஷிப்ரின் தயாரிப்பு அதற்கு முன்பே நின்றுவிட்டது. ஆனால் இனி யாராவது அதைத் திரும்பச் செய்து அங்கே விற்பதானாலும், அட்ரனால் நீக்கிய ஓக்மாஸ்தான் போட முடியும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது தேவையான சட்டம்தான். ஆனாலும் பழைய கலவையை அங்கே அப்படியே விற்க முடியாது என்பது எனக்கு வருத்தம்.

பிரான்சின் வெர்சாய் நகரில் 1990-ல் தொடங்கிய ஓஸ்மோதெக் என்ற வாசனைக் காப்பகம், செண்டுகளை இருட்டில், 12 டிகிரியில், மேலே ஆர்கான் வாயு நிரப்பி வைக்கிறது. ஆர்கான் எதோடும் வினைபுரியாது. ஆர்கானுக்கு நான் எங்கே போவது? பெரியம்மாவிடம் கேட்டுக்கொண்டு, மிச்சத்தைக் கழுத்துவரை நிரம்பும் சின்னக் கண்ணாடிக் குப்பிக்கு மாற்றினேன். இப்போது அது ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில், துணி சுற்றி இருக்கிறது. அந்தக் காகிதம் மூன்றாம் நாளும் மணந்தது.