சந்தர்ப்பவாதத் தொற்று: சொல்லும் பொருளும்

மதுரை பெரியாஸ்பத்திரியில், எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து தருகிற ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாத்திரை வாங்க வருகிறவர்கள் என்றாவது ஒருநாள் கேட்டிருக்கக்கூடிய சொல் இது. எச்.ஐ.வி. பற்றிய தமிழ் எழுத்துகளில் நெடுநாளாகப் புழங்குகிறது. ஆனால் டீக்கடையில் 'சந்தர்ப்பவாதி' என்றால் கட்சி மாறுகிறவரைத் திட்டுகிறோம் என்று பொருள். ஏற்கெனவே ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி வருகிற நோயாளியின் காதில் இப்படி ஒரு வசைச்சொல் விழ வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் 'ஆப்பர்ச்சுனிஸ்டிக்' என்பார்கள். அதன் லத்தீன் வேருக்குத் துறைமுகத்தை நோக்கி வீசும் காற்று என்று பொருள். கப்பல் கரைசேரத் தோதான நேரம், அவ்வளவுதான். நாம் 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்று சொல்லும்போது நினைக்கிற காற்றும் இப்படித் தோதான காற்றுதான். வேரில் பழி இல்லை. தமிழில் 'வாதம்' ஒட்டிக்கொண்டதும் சுயநல வாடை ஏறிவிட்டது.

சரி, பொருள் என்ன? உடம்பில் எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கும்வரை ஒன்றும் செய்யமுடியாத கிருமி, அது குறைந்ததும் நோயாக மாறுவது. எச்.ஐ.வி. மட்டும் காரணமல்ல. சிறுநீரக மாற்று செய்தவர்கள், புற்றுநோய்க்கு கீமோ எடுப்பவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் எல்லாருக்கும் இது வரலாம்.

இந்த வகையில் முக்கியமானவை மைக்கோபாக்டீரியா. 1896இல் லேமன், நியூமன் இருவரும் வைத்த பெயர். 'மைக்கோ' கிரேக்கத்தில் காளான், பூஞ்சை. 'பாக்டீரியம்' சிறு கோல். காசநோய்க் கிருமியைத் திரவத்தில் வளர்த்தபோது, பழைய கஞ்சியில் பூசணம் பூத்ததுபோல மேலே ஏடு படர்ந்தது. அதனால் வந்த பெயர். உண்மையில் அது பூஞ்சையே இல்லை. ஆகவே 'பூஞ்சைக்கோல்' என்று மொழிபெயர்ப்பது ஆபத்து. பூஞ்சைக்கான மருந்தைத் தேடிப் போவார்கள். மைக்கோபாக்டீரியா என்றே எழுதலாம்.

காசநோய்க் கிருமியும் தொழுநோய்க் கிருமியும் இந்தக் குடும்பம்தான். ஆனால் காசநோய் திடமான ஆளையும் பிடிக்கும். மற்ற உறவினர்கள் மண்ணிலும் தண்ணீரிலும் குழாய்களின் உள்பாசியிலும் சாதாரணமாக வாழ்கிறவை. அவற்றில் ஒன்று மைக்கோபாக்டீரியம் ஏவியம். 'ஏவியம்' என்றால் பறவைகளுடையது. எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தத்தில் சி.டி.4 என்ற எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை (ஒரு கன மில்லிமீட்டருக்கு) 50க்குக் கீழே போனால், ஏவியமும் அதன் நெருங்கிய இனங்களும் சேர்ந்த கூட்டம் ரத்தம், ஈரல், எலும்பு மஜ்ஜை வரை பரவும். காய்ச்சல், இரவு வியர்வை, உடல் இளைப்பு எல்லாம் காசநோய் மாதிரியே இருக்கும்.

சோதனையிலும் குழப்பம் வரும். சளியைச் சாயமேற்றிப் பார்த்தால் நீலப் பின்னணியில் அதே சிவப்புக் குச்சிகள். ஆனால் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி.நாட் சோதனையில் அந்தக் கிருமி இல்லை என்று வரும். அப்போது இந்த உறவினர்களைச் சந்தேகிக்க வேண்டும்; கல்ச்சர் வளர்த்து இனம் பார்த்தால்தான் தெளிவாகும்.

'தொற்று' என்ற பகுதியும் தொல்லைதான். நம் ஊர்ப்பக்கம் அந்தச் சொல் கேட்டவுடன் ஒட்டுவாரொட்டி என்று தட்டு, டம்ளரைத் தனியே வைத்துவிடுவார்கள். ஏவியம் கூட்டம் ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவதாகத் தெரியவில்லை, சுற்றுப்புறத்திலிருந்துதான் வருகிறது. வீட்டாரிடம் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். காசநோய் காற்றில் பரவும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்புறம், தமிழில் எதை வைக்கலாம்? 'வாய்ப்புத் தொற்று' என்றால் வரக்கூடும் என்ற பொருளும் வந்துவிடுகிறது. 'சமயத் தொற்று' என்றால் மதம் நினைவுக்கு வரும். பழந்தமிழில் 'அற்றம்' என்ற அழகான சொல் உண்டு. சோர்வு, தக்க நேரம் இரண்டும் அதில் அடங்கும். ஆனால் இன்றைய காதுக்கு அது 'இல்லாத' என்று கேட்கும். நான் 'நலிவுத் தொற்று' என்பேன். உடம்பு நலிந்ததால் வந்தது என்ற காரணம் பெயரிலேயே இருக்கிறது, பழி யார் மேலும் விழவில்லை. நேரில் பேசும்போது 'எதிர்ப்புச் சக்தி குறைஞ்சதால வந்த தொற்று' என்றாலே போதும். ஏவியத்துக்கான கூட்டு மருந்தைக் குறைந்தது ஓராண்டு சாப்பிட வேண்டியிருக்கும், ஏ.ஆர்.டி. மாத்திரையையும் விடக்கூடாது என்பதை அதே மூச்சில் சொல்லிவிடலாம்.