ஊசி போட்ட பூனையோடு நெடுந்தூரக் கார் பயணம்

பூனையைக் காரில் வெகுதூரம் கொண்டுபோகிறவர்களிடம் எல்லோரும் முதலில் சொல்வது, கிளம்ப மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள் என்பதுதான். வயிறு நிறைந்திருந்தால் ஊர் எல்லை தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடும். சர்க்கரை நோயுள்ள பூனை வைத்திருப்பவர்களுக்கு மருத்துவர் சொல்லியிருப்பது வேறு: சாப்பிட்டதா என்று பார்த்துவிட்டு இன்சுலின் போடுங்கள். ஊருக்குக் கிளம்பும் காலையில் இந்த இரண்டும் முட்டிக்கொள்ளும். வெறும் வயிற்றில் ஊசி போடுவதா? வயிறு நிறையக் கொடுத்துவிட்டுக் காரில் ஏற்றுவதா? இல்லை, அன்றைக்கு ஊசியே வேண்டாமா?

எல்லாப் பூனைக்கும் பொருந்துகிற ஒரே பதில் கிடையாது. அளவை முடிவு செய்ய வேண்டியவர் அந்தப் பூனையைப் பார்த்துவரும் கால்நடை மருத்துவர். ஆனால் பயண நாளில் அதன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு அவரிடம் போனால், சரியான கேள்விகளைக் கேட்க முடியும்.

பூனைகளுக்கு வருவது பெரும்பாலும் நம் வீடுகளில் அப்பா அம்மாவுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. நடுவயது தாண்டிய, குண்டான, கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகளுக்கு அதிகம் வருகிறது. உடம்பு இன்சுலினுக்குச் சரியாக மசிவதில்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகளில் அமிலாய்டு என்ற புரதம் படிந்து, சுரப்பும் மெல்லக் குறைகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் பூனை நம்மைப் போல இல்லை. அது முழு மாமிச உண்ணி. அதன் கல்லீரல் புரதத்திலிருந்து இரவும் பகலும் குளுக்கோஸ் தயாரித்துக்கொண்டே இருக்கும். அதனால் இறைச்சி அதிகமுள்ள உணவைச் சாப்பிட்டால், இட்லி சாப்பிட்ட நமக்கு ஏறுவதுபோலச் சர்க்கரை சட்டென்று ஏறுவதில்லை. ஊசியையும் சாப்பாட்டையும் நிமிடக் கணக்கில் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்ற கண்டிப்பு நாய்களுக்குப் பொருந்தும் அளவுக்குப் பூனைக்குப் பொருந்தாது. பூனை சாப்பிட்டதா என்று பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: சாப்பிட மறுக்கும் சர்க்கரைப் பூனைக்கு வேறு ஏதோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் முழு அளவு ஊசி போடுவது ஆபத்து.

பூனைகளுக்கு அதிகம் கொடுக்கப்படுபவற்றில் ஒன்று கிளார்ஜின், மனிதர்களுக்கான அதே இன்சுலின். குப்பிக்குள் அது தெளிந்த, அமிலத்தன்மையுள்ள திரவம். பிஎச் அளவு 4. தோலுக்கடியில் போனதும் அங்குள்ள நடுநிலைச் சூழலில் அமிலத்தன்மை போய்விடும். உடனே திரவத்திலிருந்த இன்சுலின் நுண்ணிய துகள்களாகப் படிந்து, வாயில் ஒதுக்கிய கல்கண்டு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் சேரும். நமக்கு இது ஒரு நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராக வேலை செய்கிறது. பூனையின் உடம்பில் அவ்வளவு நேரம் தாங்காது. அதனால்தான் 12 மணிக்கு ஒரு முறை ஊசி. நடுவில் ஒரு பள்ளமும் உண்டு. ஊசி போட்ட நான்கிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் எப்போதோ சர்க்கரை அன்றைய மிகக் குறைந்த அளவைத் தொடும்.

இதைச் சாலையில் வைத்துப் பாருங்கள். சென்னையில் காலை 6 மணிக்கு ஊசி போட்டுவிட்டு, அதே கையோடு கூடையைக் காரில் வைத்துத் திருநெல்வேலிக்குக் கிளம்புகிறீர்கள். அந்தப் பள்ளம் உளுந்தூர்பேட்டை தாண்டியதிலிருந்து மதுரையைக் கடக்கும் வரை எங்கேயும் வரலாம். வண்டி வேகமாகப் போகும், பின் சீட்டில் எல்லோரும் தூங்கி வழியும், கூடைக்குள் யாரும் எட்டிப் பார்க்காத நேரம் அது. வீட்டில் இருந்தால் பசித்த பூனை தானே போய்த் தட்டை நக்கியிருக்கும். கூடைக்குள் அதற்கு வழியில்லை.

இன்னொரு பக்கம், பயணமே சர்க்கரையை ஏற்றிவிடும். பயந்த பூனையின் உடம்பில் அட்ரினலின், நார்அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் பொங்கி, கல்லீரலில் சேர்த்து வைத்திருக்கும் குளுக்கோஸை ரத்தத்தில் கொட்டச் செய்யும். திமிறும் தசைகள் லாக்டேட் என்ற பொருளை வெளியிடும். அதையும் கல்லீரல் குளுக்கோஸாக்கிவிடும். கால்நடை மருத்துவ ஆய்வாளர் ஜாக்குலின் ராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், நோயில்லாத பூனைகளைக் கொஞ்ச நேரம் தண்ணீர் தெளித்துக் குளிப்பாட்டிப் பார்த்தார்கள். அதற்கே சர்க்கரை ஏறியது. பூனை திமிறுவதோடும், லாக்டேட், நார்அட்ரினலின் ஆகியவற்றோடும் அந்த ஏற்றத்துக்குத் தொடர்பு இருந்தது. (அந்த ஆய்வுக்குப் பூனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களின் கைகள் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.) நோயே இல்லாத பூனைக்குக்கூட மருத்துவமனை மேசையில் டெசிலிட்டருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டுவது உண்டு. அதனால்தான் மருத்துவர்கள் அந்த ஒரு எண்ணை நம்பாமல், கடந்த ஒன்றிரண்டு வார சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையையும் கேட்கிறார்கள்.

ஆக, டீக்கடையில் வண்டியை நிறுத்திப் பார்க்கும்போது சர்க்கரை பார்க்கும் மீட்டர் 350 காட்டினால், அதில் பாதி பயத்தின் கணக்காக இருக்கலாம். அந்த எண்ணைப் பார்த்துப் பதறி ஒரு யூனிட் கூடுதலாகப் போட்டால், பயம் தெளிந்து பூனை சுருண்டு தூங்கும்போது கூடுதல் இன்சுலின் மட்டும் மிச்சமிருக்கும். பயண நாளில் வழக்கமான அளவுக்கு மேல் ஒரு சொட்டும் போடக்கூடாது என்பதில் எனக்குச் சமரசமே இல்லை.

காரணம் எளிது. ஒரு நாள் சர்க்கரை ஏறியிருந்தால் பூனை அதிகம் தண்ணீர் குடிக்கும், அதிகம் சிறுநீர் போகும், கூடைத் துணி நனையும். பூனையின் சிறுநீரகம் ஏறக்குறைய 250, 300 வரை சர்க்கரையை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் சிறுநீரகம் 180லேயே விட்டுவிடுகிறது. ஒரு வேளை ஊசி தவறினால், மற்றபடி நன்றாக இருக்கும் பூனைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. நாள்கணக்கில் இன்சுலின் இல்லாமல் போனாலோ, சாப்பிடாமல் வாந்தியும் எடுத்தாலோதான் கொழுப்பு உடைந்து உண்டாகும் கீட்டோன்கள் என்ற அமிலப் பொருள்கள் ரத்தத்தில் சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகும். லோ சுகர் அப்படியில்லை. 60க்குக் கீழே இறங்கினால் மூளைக்கு எரிபொருள் போதாது. தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு என்று ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நிலைமை கைமீறலாம். கிளம்பும் காலையில் எந்தச் சந்தேகம் வந்தாலும் குறைவான இன்சுலின் பக்கமே சாய வேண்டும். மருத்துவர்கள் பலர் அன்றைக்குப் பாதி அளவு போதும் என்று சொல்வது இதனால்தான்.

நேரத்தை மாற்றிப் பார்க்கலாம். காலை 6 மணிக்கு வழக்கம்போலச் சாப்பாடு, ஊசி. பள்ளம் வீட்டிலேயே, கண் முன்னாலேயே கடந்து போகட்டும். மதியத்துக்கு மேல், வயிறும் காலியானபின் கிளம்பினால் சாப்பாட்டுச் சண்டையும் தீர்ந்துவிடும். மாலை ஊசி நேரத்துக்குத் திருச்சி பக்கம் வந்திருப்பீர்கள். அங்கே இரவு தங்க முடிந்தால் அறையில் சாப்பாடு, ஊசி, உறக்கம் என்று எல்லாம் ஒழுங்காக நடக்கும். பூனையை அனுமதிக்கும் விடுதியா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஒரே மூச்சில் போயே ஆக வேண்டும், நள்ளிரவில்தான் சேருவோம் என்றால், மாலை ஊசியை ஆறு மணி நேரம் தாமதமாகப் போடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அடுத்த ஊசி காலை 6 மணிக்கே வந்துவிடும். முந்தையது கரைந்து முடியும் முன் இரண்டும் சேர்ந்து இழுக்கும். அதற்கு அந்த ஒரு வேளையை விட்டுவிட்டுக் காலையில் வழக்கம்போலத் தொடங்குவது மேல். இதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், அவரை நள்ளிரவில் எழுப்ப வேண்டியிருக்காது. விடியற்காலையில் கிளம்புவதுதான் வசதி என்பவர்கள், சில நாள் முன்பிருந்தே ஒவ்வொரு ஊசியையும் அரை மணி நேரம் நகர்த்திக்கொண்டு வரலாம்.

ஊசி போட்ட பிறகு பூனை வாந்தி எடுத்துவிட்டால்? சாப்பாடு வெளியே, இன்சுலின் உள்ளே. ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. கொஞ்சம் தெளிந்ததும் பிடித்த உணவைச் சிறிதளவு வைத்து, அடுத்த சில மணி நேரம் சர்க்கரையை அடிக்கடி பார்ப்பதுதான் வழி. பயண வாந்திக்கு மாரோபிடன்ட் என்ற மருந்தை மருத்துவர் எழுதித் தரலாம். பயத்தைத் தணிக்க கபாபென்டின் தருவதும் இப்போது வழக்கம். நல்ல மருந்துதான், ஆனால் அதைச் சாப்பிட்ட பூனை தள்ளாடும், மந்தமாக இருக்கும். லோ சுகரிலும் பூனை தள்ளாடும், மந்தமாக இருக்கும். போதாக்குறைக்கு, நெடுநாள் சர்க்கரையால் நரம்பு பழுதான பூனைகள் பின்னங்கால்களைக் குதிகால் வரை தரையில் பதித்தேதான் நடக்கும். கண்ணால் பார்த்து எது எது என்று பிரிக்கவே முடியாது. அதனால் கபாபென்டினை முதன்முதலாகப் பயண நாளில் கொடுக்காமல், முன்னதாக ஒரு நாள் வீட்டில் கொடுத்துப் பாருங்கள். கையில் மீட்டரும் இருக்கட்டும்.

மீட்டரைப் பற்றி ஒரு சேதி. நம் ரத்தத்தில் குளுக்கோஸின் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. பூனைக்குப் பெரும்பகுதி பிளாஸ்மாவில்தான். மனித ரத்தத்துக்காகச் செய்யப்பட்ட மீட்டர் இந்தக் கணக்கு தெரியாமல் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். பரவாயில்லை, எப்போதும் ஒரே மீட்டரில் பார்த்து அதன் போக்கைத் தெரிந்து வைத்திருந்தால் போதும். ரத்தம் எடுப்பது காது ஓரத்தில், விளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய ரத்தக்குழாயருகே. ஏசி காரில் காது ஜில்லென்று இருந்தால் எத்தனை முறை குத்தினாலும் சொட்டு வராது. விரல்களுக்கு நடுவில் காதைப் பிடித்துச் சிறிது நேரம் சூடேற்றி, பின்னால் ஒரு பஞ்சை வைத்துக்கொண்டு குத்தினால் கடுகளவு ரத்தம் முத்தாகத் திரளும். அது போதும்.

அடுத்தது சிரிஞ்சு. நம் நாட்டில் மனிதர்களுக்கான குப்பி இன்சுலின் பலவும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட். கிளார்ஜினோ 100 யூனிட். இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்சு: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. வழியில் சிரிஞ்சு தீர்ந்து, ஏதோ ஒரு ஊர் மெடிக்கல் ஷாப்பில் "இன்சுலின் சிரிஞ்சு ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் சிவப்பு மூடி வந்து சேர வாய்ப்பு அதிகம். அதில் ஒரு கோடு என்பது 0.025 மில்லிலிட்டர். கிளார்ஜினை அதில் ஒரு கோடு இழுத்தால் பூனைக்குப் போவது ஒரு யூனிட் அல்ல, இரண்டரை. பூனைகளுக்குத் தொடக்க அளவே ஒன்று, இரண்டு யூனிட் என்பதால் இந்தத் தவறு உயிரோடு விளையாடுவது. கிளார்ஜின் ஒரு யூனிட் 0.01 மில்லிலிட்டர்தான், ஒரு சாதாரணச் சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு. தேவைக்கு இரு மடங்கு சிரிஞ்சை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். ஓடும் வண்டியில் மருந்து இழுக்காதீர்கள், ஓரமாக நிறுத்துங்கள்.

மருந்தைப் பாதுகாப்பது நினைப்பதைவிட எளிது. இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த சின்னப் புரதம். வெயிலில் நிறுத்திய காரின் சூட்டில் அதன் மடிப்பு குலைந்து நூல்நூலாக ஒட்டிக்கொண்டுவிடும். உறைந்தாலும் கெட்டுவிடும். ஐஸ் பையில் துணி சுற்றி, பனிக்கட்டி நேரே குப்பியில் படாமல் வைத்து, சாப்பிட இறங்கும்போது கையோடு எடுத்துப் போனால் சரி. பூனைக்கும் அதே விதிதான்: நிறுத்திய காரில் விட்டுவிட்டுப் போகக்கூடாது.

கூடை முன்புறம் பார்த்தபடி, கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். குளுக்கோஸ் பவுடரோ தேனோ பையின் மேல் அறையிலேயே இருக்க வேண்டும். கூப்பிட்டால் திரும்பாமல், தலை துவண்டு, வாயோரம் துடித்தால், மீட்டரைத் தேடி நேரம் போக்காமல் தேனைத் தொட்டு ஈறில் தடவுங்கள். வலிப்பு வந்துகொண்டிருக்கும்போது வாய்க்குள் விரலை விட வேண்டாம், எதையும் ஊற்றவும் வேண்டாம். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஓரமாகத் தடவினால் போதும். தேனின் வேகம் சிறிது நேரத்துக்குத்தான். தோலுக்கடியில் இருக்கும் இன்சுலின் இன்னும் பல மணி நேரம் கரைந்துகொண்டே இருக்கும். தெளிந்து எழுந்ததும் சாப்பிட வைத்து, திரும்பத் திரும்பச் சர்க்கரையைப் பார்த்தபடியே அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்ப வேண்டும். போகும் வழியில் எந்தெந்த ஊரில் அப்படி ஒன்று இருக்கிறது என்று கிளம்பும் முன்பே குறித்துக்கொள்வது நல்லது.

இப்படி ஒரு முறை சர்க்கரை இறங்கினால், மருத்துவர் சொல்லும்வரை அடுத்த ஊசி போடாதீர்கள். மனிதர்களைவிடப் பூனைகளுக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. மாவுச்சத்துக் குறைந்த உணவும் சரியான இன்சுலினும் சில மாதங்கள் கிடைத்தால், கணையம் தேறி ஊசியே தேவைப்படாத நிலைக்குக் கணிசமான பூனைகள் திரும்பிவிடுகின்றன. எந்த அளவையும் கூட்டாமலே சர்க்கரை திடீரென்று இறங்கத் தொடங்கினால், அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பயணத்தில் எழுதிவைத்த எண்களை ஊர் திரும்பியதும் அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள்.